எழுமலையாருக்கு அத்தை அழுத ஒப்பாரி

தண்ணீர் தெளித்த சாக்குக்குள் வெற்றிலைக் கட்டுகள் புழுங்கும்போது எழும் பச்சை நெடியோடு, ஜவ்வாதும் புகையிலையும் முந்தின நாள் குடித்த சாராயமும் கலந்து ஒரு வாடை வரும். அது வந்துவிட்டால் எழுமலையார் எங்கள் கடைக்கு வந்திருக்கிறார் என்று பொருள். இத்தனை காலம் கழித்தும், கல்யாண வீட்டில் யாராவது ஜவ்வாது பூசிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் நான் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விடுவேன். வாசனையோடு உனக்கென்ன சண்டை என்று வீட்டில் கேலி செய்வார்கள். வாசனையோடு சண்டை இல்லை, அதைப் பூசிக்கொண்டு திரிந்த மனிதரோடுதான். அவரைவிடவும், அவரைச் சுற்றி நின்று மூக்கை விரித்து முகர்ந்த கூட்டத்தோடு.

அப்பாவுக்குச் சிம்மக்கல்லில் வெற்றிலை மண்டி. கடைக்குப் பின்கட்டிலேயே எங்கள் வீடு. நான் சொல்லும் காலம் இரண்டாம் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாலும் யுத்தம் நடந்தபோதும். அப்போது மதுரைக் கொட்டகைகளில் ராஜா வேஷம் கட்டிப் பாடுகிறவரை 'ராஜபார்ட்' என்பார்கள். எங்கள் பக்கத்து ராஜபார்ட்டுகளில் பெரிய தலை எழுமலையார். சொந்த ஊர் எழுமலை. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குரலை நான் குறை சொல்ல மாட்டேன், சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஒலிபெருக்கி இல்லாத நாளில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனின் காதுக்குள் வந்து பேசுகிற குரல் அது. ஒரு புராண நாடகத்தில், செத்துப்போன மகனை மடியில் கிடத்தி ராஜா அழுவதாக ஒரு பாட்டு வரும். அதைப் பாடி முடித்ததும் கொட்டகை கூரை பிய்ந்துபோகிற மாதிரி 'ஒன்ஸ்மோர்' என்று கத்துவார்கள். செத்த பிள்ளையைப் பக்கத்தில் தள்ளிவிட்டு, ஒரு மடக்குச் சோடா குடித்துவிட்டு, மறுபடி மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு அழுவார்.

அப்பாவும் அவருடைய சேக்காளிகளும் அவர் மாதிரியே முடியைத் தோள்வரை வளர்த்தார்கள். அப்பாவுக்கு முன்மண்டை வழுக்கை. பின்னால் மட்டும் தொங்கும். எழுமலையார் கடைக்கு வந்து பலகையில் சாய்ந்தால், வெற்றிலை எச்சிலைத் துப்புவதற்குப் படிக்கத்தை நீட்ட இவர்களுக்குள் போட்டி நடக்கும். பெரும்பாலும் அப்பாதான் ஜெயிப்பார். கழுவுவது அம்மா.

அந்தப் பைத்தியம் படிக்கத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. அப்பா தன் தங்கையையும் நீட்டினார். செல்லம்மா அத்தை அடுப்படியில் எதையாவது முனகிக்கொண்டே வேலை செய்வாள். அவளுக்கும் அப்படியொரு தொண்டை. ஒருநாள் சாப்பிட வந்த எழுமலையார் அதைக் கேட்டுவிட்டு, இப்படி ஒரு சாரீரம் புகைக்குள் கிடந்து வீணாகிறதே என்று அங்கலாய்த்தாராம். அப்பாவுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. வேறு ஊரில் அவருக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் கட்டிவைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு எழுமலையார் அத்தைக்குச் சொன்ன முதல் சட்டம், வீட்டில் வாயைத் திறந்து ஒரு வரி முனகக் கூடாது என்பது. வீட்டுக்கு ஒரு பாட்டுக்காரன் போதுமாம்.

அடி, உதை, குடி எல்லாம் உண்டு. அத்தையின் முதுகில் இருந்த தழும்புகளை, அம்மா எண்ணெய் தேய்த்துவிடும்போது நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அத்தையை முறித்தது அதுவல்ல. ஒரே ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. தவழ்ந்து முடித்து நடக்கத் தொடங்கிய வயதில் அத்தையைக் குடிவைத்திருந்த எழுமலை வீட்டில் விஷக்காய்ச்சலில் கிடந்தான். அவரோ திருமங்கலத்தில் கொட்டகை போட்டு ஆடிக்கொண்டிருந்தார். பிள்ளை போய்விட்டான் என்று ஆள் ஓடிப்போய்ச் சொன்னபோது மேடையில் அந்த அழுகைப் பாட்டுத்தான் நடந்துகொண்டிருந்ததாம். கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, பாட்டை முடித்தார், ஒன்ஸ்மோருக்கும் பாடினார். மறுநாள் கம்பெனியோடு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். பிள்ளையைப் புதைத்த இடத்தில் புல் முளைத்த பிறகுதான் எழுமலைப் பக்கம் தலைகாட்டினார், அதுவும் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணை வண்டியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

கடைக்கூட்டம் இதைச் சொல்லிச் சொல்லிப் புல்லரித்தது. பெற்ற மகன் செத்த சேதி வந்தும் சுருதி விலகாமல் பாடினாரே, கலைஞன் என்றால் அவன் அல்லவா என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அத்தை அப்போது எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருப்பாள். இந்தப் பக்கம் இவர்கள் புல்லரித்துக்கொண்டிருப்பார்கள். போதாததற்கு அப்பா 'பாட்டுப்பெட்டி' ஒன்று வாங்கியிருந்தார். கைப்பிடியைச் சுழற்றி அவர் வைக்கிற 'பிளேட்டு' எப்போதும் அந்த ஒன்றுதான், மடியில் மகனைப் போட்டு அழுகிற பாட்டு. ஒருநாள் அம்மா பொறுக்கமாட்டாமல் கடைக்கட்டுக்கே வந்து நின்றாள்.

"அத நிப்பாட்டுங்க. புள்ளையப் பறிகொடுத்தவ உள்ள இருக்கா."

அப்பா ஊசியை எடுக்கக்கூட இல்லை. "மனுசன் எப்படியும் இருந்துட்டுப் போறாரு. பாட்டு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை அரிசி களைகிற சத்தம் நிற்கவில்லை. அவள் அந்த வருஷங்களில் பேசியதே குறைவு.

யுத்தம் உச்சத்தில் இருந்தபோது எழுமலையார் செத்தார். குடித்துக் குடித்து ஈரல் போய், வயிறு பானையாக வீங்கி, குரலும் கெட்டு, கூட இருந்த பெண்ணும் விட்டுப் போன பிறகு, சொந்த ஊரில் கிடந்து செத்தார். சேதி வந்த காலையில் மண்டியில் வியாபாரமே நடக்கவில்லை. அப்பாவும் சேக்காளிகளும் தகப்பன் செத்ததுபோல மொட்டை அடித்துக்கொண்டு வந்தார்கள். குடியைப் பற்றி ஒருவர் மெல்ல எடுத்தபோது, அந்தக் குரலுக்கு அதுவும் வேண்டியிருந்தது என்று இன்னொருவர் அடக்கினார். பொம்பளை விஷயத்தை மன்மத அவதாரம் என்று முடித்துவிட்டார்கள். அத்தையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கொடுத்துவைத்தவள், அந்தக் கையால் தாலி வாங்கினாளே என்றார் ஒருவர். மொட்டைத் தலைகளும் அழுத மூக்குகளுமாக அவர்கள் அப்படி உட்கார்ந்து அவர் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து வைத்ததைப் பார்க்க எனக்கு அந்த வயதிலேயே அருவருப்பாக இருந்தது. பக்கத்தில் அத்தர் கடை வைத்திருந்த காதர் அண்ணன் மட்டும் கூட்டத்தில் சேராமல் வாசல் ஓரமாக நின்றார். அவரும் எழுமலையாருக்காகத் திருமங்கலம் வரை நடந்துபோய் நாடகம் பார்த்தவர்தான். "கொரலு அல்லா குடுத்தது. மத்ததெல்லாம் அந்தாளு தானாச் செஞ்சது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பொட்டலம் கட்டாதீக அண்ணே" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா காதில் அது விழவில்லை.

அத்தை போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மூத்தவள் வரப்போவதில்லை, நீயும் வராமல் பிணத்தைத் தூக்கமாட்டார்கள் என்று அப்பா காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கடைசியில் அம்மாதான் அவளை எழுப்பினாள்.

"போ செல்லம்மா. போயி ஒப்பாரி வச்சு அழு. அம்புட்டையும் சொல்லு. ஒப்பாரியில சொல்றத எந்தக் கொம்பனும் மறிக்க முடியாது, நின்னு கேட்டுத்தான் ஆகணும்."

அது எங்கள் பக்கத்து வழக்கம். உயிரோடிருக்கும் புருஷனைப் பற்றி வாய் திறக்க முடியாத பெண், பிணத்தின் தலைமாட்டில் முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டால், அவன் செய்தது அத்தனையையும் ராகம் போட்டு ஊரறியச் சொல்லலாம். பஞ்சாயத்தில் சொன்னால் எடுபடாதது அங்கே எடுபடும். அத்தை எழுந்து போய் முகம் கழுவினாள். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

பெட்ரோல் கிடைக்காத காலம். அடுப்புக்கரியில் ஓடுகிற 'கரி பஸ்' ஒன்றைப் பிடித்து ரசிகர்கள் எல்லாரும் ஏறினார்கள். முன்சீட்டில் அத்தை, அம்மா, நான். உசிலம்பட்டி தாண்டியதும் வண்டி புகைந்து நிற்க, ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். அத்தை வழியெல்லாம் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தாள். அவள் பாட்டுக் கட்டிக்கொண்டு வருகிறாள் என்று அம்மா என் காதில் சொன்னாள்.

எழுமலையில் பந்தலுக்குள் நுழைய இடமில்லை. பிணத்துக்கு ஜரிகைக் கோட்டும் முத்துமாலையும் போட்டு, கன்னத்தில் ரோஸ் பவுடர் பூசிக் கிடத்தியிருந்தார்கள். அத்தை தலைமாட்டில் போய் உட்கார்ந்து முடியை அவிழ்த்தாள். பெண்கள் தோளில் தோள் கோத்து வட்டமானார்கள். அத்தனை வருஷம் மூடி வைத்திருந்த தொண்டை திறந்தது.

"ஊருக்கெல்லாம் பாடினீக, உருகி உருகிப் பாடினீக,
ஒத்தப் புள்ள அழுதப்போ ஒங்க காது எங்க போச்சு."

பந்தல் அடங்கிவிட்டது. பனையோலை விசிறி போட்டவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அத்தை ஒவ்வொன்றாக எடுத்தாள். வாயை மூடச் சொன்னதை, முதுகில் விழுந்ததை, காய்ச்சலில் பிள்ளை அப்பா அப்பா என்று வாசலைப் பார்த்ததை, குழி தோண்ட ஆள் தேடி அவளே தெருவில் போய் நின்றதை, வண்டியில் வந்து இறங்கிய பெண்ணுக்கு அவள் கையாலேயே வெந்நீர் போட்டுக் கொடுத்ததை. குரல் மேலே மேலே ஏறியது, எங்கும் உடையவில்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். மொட்டைத் தலைகள் எல்லாம் குனிந்திருந்தன. கேட்கிறார்கள், கடைசியில் கேட்டுவிட்டார்கள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிள்ளையை மண்ணில் வைத்த அடியை அத்தை உச்சத்தில் நிறுத்தி இறக்கியபோது, பின்னாலிருந்து ஒருவர் "ஆகா" என்றார். இன்னொருவர் "அப்படியே அவரு சாரீரம்" என்றார். அதற்குப் பின் ஒரு குரல் தெளிவாக, "ஒன்ஸ்மோர்" என்றது.

அது அப்பாவின் குரல். திரும்பிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது, கன்னத்தில் தாரை தாரையாக வடிந்துகொண்டிருந்தது, வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவரைத் தொடர்ந்து பந்தலே ஒன்ஸ்மோர் கேட்டது.

அத்தை நிறுத்திவிட்டாள். சற்று நேரம் கூட்டத்தைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, சந்தையில் தெரியாத பாஷை பேசுகிறவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்து, கொல்லைப்புறம் போய் மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்தாள். தூக்கும்போது கூப்பிட்டார்கள். வரவில்லை.

திரும்பி வரும்போது, முன்சீட்டில் அத்தை உட்கார்ந்திருக்கையிலேயே, பஸ்ஸில் பெரிய சர்ச்சை. அத்தை பாடியது முகாரி ராகமா, புன்னாகவராளியா என்று. அடித்துக்கொள்ளாத குறை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு வந்த காதர் அண்ணன் எழுந்து நின்றார். "அந்தப் புள்ள என்ன சொல்லுச்சுன்னு ஒருத்தனாவது கேட்டீகளாய்யா?" என்றார்.  அப்பா, சொன்னது எதுவானாலும் அந்த மேல்ஸ்தாயி யாருக்கு வரும் என்றார். காதர் அண்ணன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, செக்கானூரணிக்கு முன்னாலேயே நடக்கத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் கடைப் படி ஏறவில்லை.

அத்தை வெகுகாலம் எங்களோடுதான் இருந்தாள். எந்தச் சாவுக்குப் போனாலும் வாய் திறக்கமாட்டாள். அப்பா போனபோது பெண்கள் அவளை நெருக்கினார்கள். கூடப் பிறந்த அண்ணன், நீ ஒரு அடி எடுத்துக் கொடு என்று. அத்தை அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க அண்ணனுக்கும் சேத்து அன்னைக்கே அழுதுட்டேன் மதினி." அம்மா அதற்குமேல் யாரையும் வற்புறுத்த விடவில்லை.

மண்டி இருந்த இடத்தில் இப்போது பாத்திரக்கடை. கொட்டகைகள் போய்விட்டன, தோள்வரை முடி வளர்த்தவர்கள் ஒருவரும் மிச்சமில்லை, ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்களும் போய்விட்டார்கள். சாவு வீட்டில் இப்போது ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போடுகிறார்கள். எழுமலையாரைப் பற்றி நினைவு மலர் போடுகிறோம் என்று போன மாதம் ஒரு தம்பி வந்திருந்தார். சொந்த வாழ்க்கை எல்லாம் வேண்டாம் அம்மா, பாட்டைப் பற்றி மட்டும் சொல்லுங்கள் என்றார். நான் அத்தையைப் பற்றித் தொடங்கினேன். அவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை அனுப்பிவிட்டு வந்து, அன்றைக்கு அத்தை சொன்னதையெல்லாம் நாமே எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என்னென்ன சொன்னாள் என்பது தெரிகிறது, அவள் சொன்ன சொல் வரவில்லை. எழுமலையாரின் அழுகைப் பாட்டு முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை ஒரு சொல் தப்பாமல் இன்னும் எனக்குப் பாடமாக இருக்கிறது. அத்தை அழுததில் மேலே எழுதிய அந்த இரண்டு அடிதான் மிச்சம்.