லாரி விளையாட்டு கொண்டுவந்த லைப்ரரிகள்

என் மாமனார் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டரில் லாரி ஓட்டத் தொடங்கினார். மதியம் சாப்பிட்டு முடித்ததும் மேசையில் ஸ்டீயரிங்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஜெர்மனியில் சரக்கு ஏற்றி இத்தாலியில் இறக்குவார். அதே கம்ப்யூட்டரில் காலையில் நான் பம்ப் கம்பெனிகளுக்கு வரைபடம் போடுவேன். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. காலை எனக்கு, மதியம் அவருக்கு என்பது பேசாமலேயே ஏற்பட்டிருந்த ஏற்பாடு.

ஒரு நாள் வரைபடம் ஒன்றைச் சேமிக்கப் போனால் இடமில்லை என்றது. எதை நீக்கலாம் என்று பார்க்க, நிறுவப்பட்ட மென்பொருள்களின் பக்கத்தைத் திறந்தேன். ஒரே பெயர் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. சி பிளஸ் பிளஸ் ரன்டைம் என்ற பெயருக்குப் பின்னால் ஓர் ஆண்டு. அடுத்த வரியில் அதே பெயர், வேறோர் ஆண்டு. சில ஆண்டுகள் இரண்டு முறை இருந்தன. இவற்றில் ஒன்றைக்கூட நான் நிறுவியதாக நினைவில்லை.

மாமனார் பின்னால் வந்து நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஏனம்மணி, ஒரே பேருல இத்தன எதுக்கு?"

"நீங்க போட்ட கேமெல்லாம் கூட்டிக்கிட்டு வந்ததுங்க மாமா. கேம் ஓடறதுக்கு வேணுங்கற பொது நிரலுங்க, லைப்ரரின்னு சொல்லுவாங்க."

"ஒருக்கா போட்டது இருக்குதல்ல? அடுத்த கேம் அதையே எடுத்துக்க வேண்டியதுதானே?"

நல்ல கேள்வி. அன்றைய வரைபடத்தைப் பென்டிரைவில் சேமித்துவிட்டு இருவரும் அதை ஆராய உட்கார்ந்தோம். ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போட்டுக்கொண்டேன்.

இரண்டு முறை இருந்தவற்றின் வித்தியாசம் முதலில் பிடிபட்டது. ஒன்று முப்பத்திரண்டு பிட், மற்றொன்று அறுபத்து நான்கு பிட். எங்களுடையது அறுபத்து நான்கு பிட் கம்ப்யூட்டர். அப்படியானால் முப்பத்திரண்டு எதற்கு என்று அவற்றை மட்டும் நீக்கினோம். லாரி விளையாட்டு வழக்கம்போலத் திறந்தது. மாமனார் திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்து அவருடைய பழைய பஸ் விளையாட்டைத் திறந்தோம். ஏதோ ஒரு டி.எல்.எல்., அதாவது லைப்ரரிக் கோப்பைக் காணவில்லை என்று திரையில் சின்னப் பெட்டி ஒன்று எழுந்தது. எனக்குச் சந்தேகம் வந்து, பம்ப்பின் அளவுகளைக் கணக்கிட நான் பயன்படுத்தும் பழைய மென்பொருளையும் திறந்து பார்த்தேன். அதுவும் திறக்கவில்லை.

"உன்ற வேலையும் நின்னுபோச்சா?" என்றார். அவர் குரலில் கவலையைவிட ஆர்வம்தான் அதிகம் இருந்தது. எனக்கும் அப்படித்தான். கம்ப்யூட்டர் புதிதாக இருந்தாலும் பழைய முப்பத்திரண்டு பிட் நிரல் தனக்கேற்ற லைப்ரரியைத்தான் தேடும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆண்டு விஷயமும் அப்படியே. பிற்காலத்தில் வந்தவற்றைத் தயாரித்தவர்களே ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். முந்தையவற்றில் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. ஒரே பெயர் என்றாலும் ஒரே பொருள் இல்லை.

பழைய நிலைக்குத் திரும்பினோம். இரண்டும் திறந்தன. அப்புறம்தான் நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். அந்த வரிசை முழுவதையும் கூட்டினாலும் அடைத்திருந்த இடம் சொற்பம். விளையாட்டுகளின் ஃபோல்டர்களுக்குள் லைப்ரரியை நிறுவும் கோப்புகள் நிறுவிய பிறகும் அப்படியே கிடந்தன. அவற்றை நீக்கினோம். கொஞ்சம் இடம் கிடைத்ததே தவிர, மீதி எங்கே போனது என்று தெரியவில்லை.

தேடிக்கொண்டே போனதில் வீடியோ ஃபோல்டர் அகப்பட்டது. ஒவ்வொன்றும் பெரிய கோப்பு. ஒன்றைத் திறந்தேன். மழை பெய்யும் மலைச்சாலையில் லாரி போய்க்கொண்டிருந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது.

"அது நான் கேம் ஓட்டறப்பப் புடிச்சதுதான்" என்றார் மாமனார். "அண்ணனுக்குக் காட்டறதுக்கு."

அவருடைய அண்ணன், எனக்குப் பெரிய மாமா, தாராபுரத்தில் இருக்கிறார். பொள்ளாச்சியிலிருந்து கொப்பரை ஏற்றிக்கொண்டு வடக்கே லாரி ஓட்டியவர். வாதம் வந்து வலது கை விழுந்தபின் வாசலைத் தாண்டுவதில்லை. ஞாயிறு தோறும் மாமனார் பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போவது எங்களுக்குத் தெரியும். பையில் பென்டிரைவ் இருந்தது தெரியாது. அங்கே டி.வி.யில் போட்டு, அண்ணனும் தம்பியும் வாரா வாரம் ஒரு பயணம் முழுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

"இவன் பிரேக்க லேட்டா புடிக்கறான், லோடு சாயுதுன்னு திட்டிக்கிட்டே பாப்பாரு கண்ணு."

"பாக்கறதுக்குப் பதிலா அவரே ஓட்டலாமுங்களே மாமா?"

"ஒத்தக் கையில எப்படி?"

"போட்டுப் பாக்கலாமுங்க."

வீடியோக்களை வேறொரு டிஸ்க்குக்கு மாற்றினேன். அடுத்த ஞாயிறு என் கணவரின் பழைய லேப்டாப்பையும் ஸ்டீயரிங்கையும் எடுத்துக்கொண்டு இருவரும் தாராபுரம் போனோம். அந்த லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அழித்து, சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டிருந்தேன். லாரி விளையாட்டை நிறுவும்போது, யாரையும் கேட்காமல் ஒரு சின்னப் பெட்டி எழுந்து மறைந்தது. சி பிளஸ் பிளஸ் ரன்டைம். இந்த லேப்டாப்பில் அது இன்னும் ஏறியிருக்கவில்லை. போகிற இடத்தில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று அந்த விளையாட்டுக்குத் தெரியாது. அதனால் தனக்கு வேண்டியதைக் கையோடு கொண்டுவருகிறது. மாமனாரிடம் சொன்னேன். "அப்பச் செரி" என்றார். தன் கேள்விக்குப் பதில் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி.

பெரிய மாமா இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கியரைத் தானியங்கியாக மாற்றிவைத்தேன். கிளம்பிய வேகத்தில் ஒரு கம்பத்தை உரசினார். பிறகு நெடுஞ்சாலைக்கு வந்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது. எதிரே வந்த வண்டிகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏண்டா, இவனுகெல்லாம் தப்பான பக்கத்துல வாரானுக?"

"அந்த ஊருல வலது பக்கந்தானுங்கண்ணா. நீங்கதான் தப்பான பக்கத்துல போறீங்க."

அவர் நம்பவில்லை. இன்னும் சிறிது தூரம் இடது பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார்.