மூன்றாம் ஓலை

எங்கள் சபைக்குச் சரித்திரம் எழுத வேண்டுமாம். புதிதாக வந்திருக்கும் போதகர் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்து, "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும், பழசையெல்லாம் எழுதித் தாங்க" என்றார். அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? சுவர் எப்போது எழும்பியது, மணி யார் வாங்கித் தந்தது, முதல் ஞானஸ்நானம் யாருக்கு. அதெல்லாம் இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதி நோட்டு வெறுமையாகக் கிடக்கிறது. வெறும் தாளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இனி எழுதப்போவது வேண்டாம் என்றால் அவர் கிழித்துக்கொள்ளட்டும்.

பாலக்காட்டில் வண்டிப்பேட்டைக்குப் பின்னால் இருந்தது எங்கள் தெரு. தறி போட வந்தவர்கள், ரயில் வேலைக்கு வந்தவர்கள், மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று எல்லாரும் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பதினைந்து வீடு இருந்தால் அதிகம். சுற்றிலும் மலையாளம். கோயில் ஒன்றுதான். காலை ஏழு மணிக்கு எங்கள் தமிழ் ஆராதனை, பத்து மணிக்கு மலையாள ஆராதனை. நாங்கள் பாயைச் சுருட்டி முடிப்பதற்குள் அவர்கள் வெள்ளைவெளேரென்று உடுத்திக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். நல்ல ஜனங்கள்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனாலும் சொந்த வீட்டில் விருந்தாளியாக இருப்பது போல ஒரு கூச்சம் எங்களை விட்டதேயில்லை.

என் அப்பா அந்தக் கோயிலில் மணியடித்தார். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பாவும் காய்ச்சலில் போன பிறகு, மணிக்கயிறு என் கைக்கு வந்தது. பொம்பளைப் பிள்ளை மணியடிப்பதா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். சரி, நீங்கள் வந்து அடியுங்கள் என்றேன். கூட்டிப் பெருக்குவது, பாய் விரிப்பது, மணியடிப்பது எல்லாம் நான்தான். இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் குடியிருந்தேன். வாரத்தில் ஆறு நாள் என்னிடம் பேச ஆள் கிடையாது. ஏழாம் நாளும் மற்றவர்கள் ஆராதனை நடத்துகிற உபதேசியாரோடு பேசுவார்கள். நான் பாய் சுருட்டுவேன்.

இந்த நிலையில் எனக்கு ஒரு வரன் அமைந்தது. எங்கள் சபைப் பையன்தான். மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கம்பவுண்டர் வேலை, துரை ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுப்பது. ரயிலும் மாட்டுவண்டியும் மாறி மாறிப் போய், போடிமெட்டு ஏறி அங்கே போய்ச் சேர நாள் கணக்கில் ஆகும். வருஷத்துக்கு ஒரு தரம் லீவு. அவராகவே உபதேசியாரிடம் வந்து என்னைக் கேட்டாராம். எனக்கு நம்பவே முடியவில்லை. அன்றைக்குச் சோறு வடிக்க மறந்து, பானையில் அடி பிடித்துவிட்டது.

எங்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். ஆராதனை நடுவில் உபதேசியார் எழுந்து மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் சொல்லி, "இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் இப்போதே சொல்லக்கடவர்கள்" என்று கேட்பார். யாரும் பதில் சொல்லமாட்டார்கள். பேசாமல் இருந்தாலே தடையில்லை என்று அர்த்தம். இதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. ஓலை வாசிக்கிற மூன்று ஞாயிறும் கல்யாணப் பெண் கோயில் பக்கம் தலைகாட்டக் கூடாது. தன் ஓலையைத் தானே கேட்கிறவள் வெட்கம் கெட்டவள். வேதத்தில் இப்படி எங்கேயும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் மணி யார் அடிப்பது? அதற்கும் ஒரு வழி சொன்னார்கள். நான் மணியடித்துவிட்டு, ஆள் வருவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இரண்டு ஞாயிறு அப்படியே செய்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தப்புச் செய்தவள் மாதிரி ஓடினேன்.

மூன்றாம் ஞாயிறு, வைகாசி நடுவில் வருகிற இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. மணியடித்து முடித்துப் படியிறங்கினால் தெருவே தெரியவில்லை. அவ்வளவு மழை. கோயிலின் பக்கச் சுவரை ஒட்டி, கூரை இறவாணத்துக்குக் கீழே ஒண்டி நின்றேன். கொஞ்சம் விட்டதும் போய்விடலாம் என்றுதான். மழை விடவில்லை, சபையும் வரவில்லை. புழையில் வெள்ளம். மாப்பிள்ளை அக்கரையில் அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டார். உபதேசியார் மட்டும் குடையும் தானுமாக வந்து சேர்ந்தார். அந்த மனுஷன் கடிகாரம் மாதிரி. காலிப் பாய்களைப் பார்த்துப் பாட்டுப் பாடினார், ஜெபம் பண்ணினார், ஓலையும் வாசித்தார். சன்னல் திறந்திருந்தது. என் பேரும் அவர் பேரும் சேர்ந்து வந்ததை முதல் தடவையாகக் காதால் கேட்டேன். தொப்பலாக நனைந்து, பல் கிடுகிடுக்க நின்ற எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அறியேன்.

கல்யாணம் நடத்திவைக்க மறுநாள் மத்தியானம் கோயமுத்தூரிலிருந்து ஐயர் வந்தார். அப்போதெல்லாம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வெள்ளம் வடிந்து சபையும் கூடியிருந்தது. உபதேசியார் உண்மையைச் சொல்லிவிட்டார், ஆளில்லாத கோயிலில் வாசித்தேன் என்று. ஐயர் தாடியைத் தடவினார்.

"சபையார்ல ஒருத்தர் காதுல விழுந்திருந்தாலும் போதுமுங்க. ஒருத்தராச்சும் கேட்டிருக்கோணும்."

உபதேசியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் அம்மிணி, நீ மணியடிச்சுப்போட்டு உடனே ஊட்டுக்குப் போயிட்டயா? இல்ல, மழைக்கு இங்கயே நின்னுட்டயா?"

எனக்குப் பின்னால் பெண்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையும் அங்கேதான் இருந்தார், சேறு காயாத காலோடு. நான் கேட்டேன் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் கல்யாணம். ஆனால், அம்மா இல்லாமல் வளர்ந்தவள், பார் அலைகிறதை என்று ஒருத்தி சொல்லிவிட்டால்? அந்த ஒரு பேச்சுக்குப் பயந்தேதான் நான் அதுவரை நாளை ஓட்டியிருந்தேன்.

"ஊட்டுக்குப் போயிட்டனுங்க" என்றேன்.

கோயிலுக்குள் நின்று, ஐயர் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்.

அடுத்த ஞாயிறு மறுபடி வாசிக்கச் சொல்லிவிட்டார் ஐயர். அதுவரை காத்திருக்க மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. துரை சீட்டைக் கிழித்துவிடுவான். போகிற அன்றைக்கு மணிக்கூண்டுக்குக் கீழே வந்து நின்றார். "மழை விட்டதும் வந்தர்றேன் அம்மிணி" என்றார். சரிங்க என்றேன். வேறென்ன சொல்ல? இரண்டு கடிதம் வந்தது. முதலாவதில் குளிரையும் அட்டைக்கடியையும் பற்றி எழுதியிருந்தார். இரண்டாவதில் கடைசியாக ஒரு வரி: "அந்த மழையில் நீ எப்படி வீட்டுக்குப் போயிருப்பாய் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்."

அதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் இன்னொரு பொய் எழுத வேண்டும், இல்லாவிட்டால் என் மானத்தைத் தாளில் எழுதி மலைக்கு அனுப்ப வேண்டும். பேனாவை எடுத்தேன், வைத்தேன். மழை விட்டது. அடுத்த வருஷ மழையும் வந்து விட்டது. எனக்கு விருப்பமில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். பேசாமல் இருந்தால் சம்மதம் என்பதெல்லாம் கோயிலுக்குள் மட்டும்தான்.

மூன்றாம் வருஷம் ஒரு நாள் சாயங்காலம் உபதேசியார் என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் வந்ததே கிடையாது. வாசலிலேயே நின்று ஒரு கடிதத்தை நீட்டினார். மலைமேல் தோட்டத்துச் சபையிலிருந்து வந்தது. மாப்பிள்ளை பேர் எங்கள் சபையில்தான் இன்னும் பதிந்திருக்கிறது, ஆகவே அங்கே வாசிக்கிற அதே மூன்று ஞாயிறு இங்கேயும் ஓலை வாசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பெண் அந்தத் தோட்டத்துப் பிள்ளை.

"மூணு வாரத்துக்கு வேற யாராச்சும் மணியடிக்கட்டும் அம்மிணி" என்றார்.

"ஏனுங்க, எனக்குக் கை ஒடிஞ்சா போச்சு?" என்று கேட்டேன். பாவம், தலை குனிந்து போய்விட்டார். அவரிடம் போய்க் கோபத்தைக் காட்டினேனே என்று அன்றைக்கு அழுதேன். அதற்காக மட்டும் அழவில்லை.

இரண்டு ஓலை முடிந்தது. நான் உள்ளே உட்கார்ந்துதான் கேட்டேன். கல்யாணப் பெண் நானில்லையே, எனக்கென்ன தடை? யாரும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் நேரே பார்த்தபடி விறைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாம் ஞாயிறு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை கிடையாது, பளீரென்று வெயில். எங்கள் தெருவில் அப்போது கடிகாரம் உள்ள வீடு ஒன்றோ இரண்டோதான். மணி கேட்டால்தான் மற்றவர்கள் புறப்படுவார்கள். மணி அடிக்காவிட்டால் சபை இல்லை, சபை இல்லாவிட்டால் ஓலை இல்லை. ஒரு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று என்னை விட யாருக்குத் தெரியும்? இங்கே ஓலை முடியாமல் அங்கே கல்யாணம் நடக்காது. அவர் யோசிப்பார். ஒரு கடிதம் எழுத எனக்கு நேரம் கிடைக்கும். இந்தத் தடவை எழுதிவிடுவேன், நான் கேட்டேன் என்று.

கர்த்தர் மன்னிக்கட்டும், வெகு நேரம் அப்படியே நின்றேன். பிறகு அடித்தேன்.

வராதவர்கள் கூட அன்றைக்கு வந்துவிட்டார்கள். ரயில்வே வீடுகளிலிருந்து, வருஷப் பிறப்புக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறவர்கள்கூட. பாய் போதவில்லை. என் மூஞ்சியைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்று எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. உபதேசியார் எழுந்து இரண்டு பேரையும் சொன்னார். தடை அறிந்தவர்கள் இப்போதே சொல்லக்கடவர்கள் என்றார். வழக்கமாக ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் நிற்பார். அன்றைக்கு நின்றுகொண்டே இருந்தார். கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தார். அந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்காகத்தான் நிற்கிறார்.

சொல்வதற்கு என்னிடம் இருந்தது. நாக்கு நுனியில் இருந்தது.

அந்தப் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். முகம் தெரியாது, கறுப்போ சிவப்போ தெரியாது. அங்கேயும் இந்தப் பாழாய்ப்போன வழக்கம் இருக்கும். இந்நேரம் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு, கோயில் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தன் ஓலையைக் கேட்க ஒரு சன்னல் கூட இருக்காது.

நான் எழுந்தேன். பெண்கள் பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். ஓலைக்குப் பதில் சொன்ன ஆள் அதுவரை எங்கள் சபையில் கிடையாது.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "மேல படிங்க."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மேலே படித்தார்.