முன்பாரம் பின்பாரம்

முதலில் லென்ஸ் மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார் முனிராஜ். "மூடியோட பேலன்ஸ் பண்ணுனா மூடியோடதாங்க ஷூட் பண்ணணும்" என்பார், யாரும் கேட்காமலே. பிறகு பேட்டரி, கார்டு, மைக் எல்லாவற்றையும் மாட்டி, கேமராவைக் கிம்பலில் ஏற்றி, மோட்டாரைப் போடாமலே முன்னால் ஒரு நூல் அளவு தள்ளுவார், பின்னால் ஒரு நூல் இழுப்பார். கையை எடுப்பார். கேமரா யோசித்து யோசித்து மெல்லத் தலையைத் தொங்கப்போடும். மறுபடி பின்னால் ஒரு நூல். மணமேடையில் மாப்பிள்ளைக்கு வேர்த்து, காய்ந்து, மறுபடி வேர்க்கும் நேரம் அது. "பொண்ண வரச் சொல்லலாமா?" என்று ஐயர் கேட்டால், "அவரு இன்னும் நிக்கலைங்க சாமி" என்று திரும்பிப் பார்க்காமல் பதில் வரும். அவரு என்றால் கேமரா.

கிம்பல் என்பது கையில் பிடித்துக்கொண்டு நடந்தாலும் படம் ஆடாமலிருக்க மூன்று மோட்டார் வைத்துச் செய்த கைப்பிடி. அது தாங்கும் எடைக்கு ஓர் அளவு உண்டு. கம்பைநல்லூர் வட்டாரத்தில் கல்யாணம் எடுக்கிற மற்றவர்கள் உள்ளங்கையில் அடங்கும் கேமராவை அதில் வைத்துக்கொண்டு சுகமாகச் சுற்றுகிறார்கள். முனிராஜ் மட்டும் பெங்களூரில் ஏதோ ஒரு படக் கம்பெனி தலைமுழுகிய சினிமா கேமராவை வாங்கி வந்து, கிம்பல் முக்குகிற அளவுக்கு ஏற்றி வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிசு என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். "சின்னதுல எடுத்தாலும் இதே மூஞ்சிதாங்க வரும். ஆனா பெருசப் பாத்தா சொந்தக்காரன் சண்ட போட மாட்டான்." அது நிஜம்தான். பந்தியில் இலைக்கு அடித்துக்கொள்பவர்கள்கூட இந்தக் கேமரா பக்கத்தில் வந்ததும் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, எதிரிக்குப் பாயசம் ஊற்றச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன்.

பேலன்ஸுக்கு அவர் வைத்திருக்கும் சொற்கள் வண்டிக்காரர்களின் சொற்கள். கேமரா முன்னால் கவிழ்ந்தால் முன்பாரம், பின்னால் மல்லாந்தால் பின்பாரம். நாளாக நாளாக மனிதர்களையும் அதே கணக்கில் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். நினைத்ததைப் பேசிவிட்டுப் பிறகு முழிப்பவன் முன்பாரம். கூப்பிட்டு மூன்று நாள் கழித்து ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்பவன் பின்பாரம். வார்டு உறுப்பினர் ஒருவரைப் பற்றிக் கேட்டபோது, "அவருக்கு மோட்டாரே போடலைங்க" என்றார். அவருடைய மனைவி எழிலரசிக்கும் இந்தப் பாஷை பழகிவிட்டது. "எங்கூட்டுக்காரரு முன்பாரமும் இல்ல, பின்பாரமும் இல்லைங்க. மொத்தமும் பாரம்" என்று என்னிடம் சொன்னபோது, முனிராஜ் பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருடத் தொழில் உடம்பிலும் ஏறிவிட்டது. முழங்காலை மடக்கி, குதிகாலை முதலில் வைத்து, இடுப்புக்கு மேலே எதுவும் அசையாமல் நடப்பார். கேமரா கையில் இல்லாதபோதும் அதே நடைதான். எழவு வீட்டுக்கு அப்படி நடந்து போனபோது, மூட்டு வலி என்று நினைத்த ஒரு பெரியவர் தைலத்தின் பெயரை எழுதிக் கொடுத்தனுப்பினார். டீக்கடையில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் டீயை வைத்துவிட்டு எழுந்துபோய் நேராக்குவார். கடைக்காரர் அவரை வரவழைக்கவே அதைக் கோணலாக மாட்டுகிறார் என்று ஒரு பேச்சு உண்டு.

இத்தனை நுணுக்கம் பார்க்கிற மனுஷனின் கேமராவுக்குப் பின்னால் ஓர் எலுமிச்சம்பழம் சிவப்புக் கயிற்றில் இறுக்கிக் கட்டியிருக்கும். வாங்கி வந்த மறுவாரம் சந்தனம் குங்குமம் வைத்து எழிலரசி கட்டிய திருஷ்டிப் பழம் அது. அதுவரை கேமரா ஒரு வாரமாக முன்பாரம். கேமரா உட்காரும் தட்டைக் கடைசிவரை இழுத்தும் நிற்கவில்லை. பழத்தைக் கட்டியதும் நின்றுவிட்டது. முனிராஜ் கும்பிட்டார். அதற்கென்றே இரும்பில் எடைக்கட்டி விற்கிறது, திருகினால் போதும் என்று பலரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். "இரும்பு கண்ணு படறதத் தடுக்குமாங்க?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிடுவார். பழம் காயக் காய எடை குறையும் அல்லவா? அதனால் வெள்ளிக்கிழமை தோறும் சந்தையில் அறுபது கிராம் பழமாகத் தேடுவார். ஒரு பழம் வாங்க அரைக் கூடையைக் கையில் தூக்கிப் பார்க்கிற இந்த ஆளை எலுமிச்சைக்காரம்மாவுக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

இந்தத் தை மாதம் அவருடைய மகள் காவியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தமிழ்ச்செல்வன், ஓசூரில் கம்பெனி வேலை. மாப்பிள்ளையின் அப்பா சென்னப்பன் தொப்பூரில் இரண்டு லாரி வைத்திருப்பவர். பத்திரிகை அடிக்கும் முன்பே காவியா அப்பாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவள் பள்ளிக்கூட ஆண்டு விழாவிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை எல்லாவற்றையும் எடுத்தவர் முனிராஜ்தான். அதனாலேயே வீட்டு ஆல்பத்தில் அவரோடு அவள் நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. ஒன்றில் மட்டும் தரையில் அவருடைய நிழல் விழுந்திருக்கிறது.

"அன்னிக்கு நீ கேமராவுக்குப் பின்னால நிக்கக் கூடாதுப்பா. எம் பக்கத்துல நிக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றாள்.

"சரி சாமி" என்றார் முனிராஜ். ஒரு நாள் முழுக்க அந்தச் 'சரி'யைச் சுமந்துவிட்டு மறுநாள், "நீ மேடைக்கு நடந்து வர்றத மட்டும் ஒரே ஒரு ரவுண்டு எடுத்துக்கறன். வேற எவனாச்சும் எடுத்தா எம் பொண்ணு கல்யாணத்த ஆட்டி வெச்சிருவான்" என்றார். காவியா அவரைப் பார்த்த பார்வையில் சம்மதமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை.

முகூர்த்தத்தன்று விடியற்காலையிலேயே கேமராவைக் கிம்பலில் நிறுத்தி முடித்து, மண்டபத்தின் அலமாரி அறையில் வைத்துவிட்டு வேட்டி மாற்றப் போனார். மேடைக்கு எதிரில் ஸ்டாண்டு கேமராவோடு அருள்குமார் நின்றான். முனிராஜின் ஸ்டுடியோவில் எடிட்டிங் பார்க்கிறவன் அவன். காவியா மணப்பெண்ணாக வாசலில் வந்து நிற்க, முனிராஜ் கிம்பலை எடுத்துக்கொண்டு முழங்காலை மடக்கினார். நாலு அடி வைத்திருப்பார். மோட்டார் உறும ஆரம்பித்தது. திரையில் மண்டபத் தூண்கள் நடுங்கின. என்ன ஏதென்று கேமராவைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய அறுபது கிராம் பழத்தைக் காணோம். அந்த இடத்தில், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, தேங்காயில் பாதி இருக்கும் ஒரு நாரத்தங்காய், ஏழு பச்சை மிளகாய், ஒரு கரித்துண்டு எல்லாம் கறுப்புக் கயிற்றில் தொங்கின.

"நாந்தாங்க கட்டுனன்" என்று முன்னால் வந்தார் சென்னப்பன். "வாடிப்போன பழத்தக் கட்டிக்கிட்டு எம் மருமவள எடுப்பீங்களா சம்பந்தி? தொப்பூர் எறக்கத்துல இத்தன வருசம் என் வண்டிக்கு ஒண்ணும் ஆகலைன்னா அது இதனாலதாங்க. வண்டிக்குக் கட்ட வெச்சிருந்தத எடுத்தாந்தன்."

அறுத்து எறிந்தால் ஒரு நொடியில் தீர்ந்தது. ஆனால் எப்படி அறுப்பது? சம்பந்தி கையால் கட்டிய திருஷ்டிக் கயிற்றை, பெண்ணைப் பெற்றவன், முகூர்த்த நேரத்தில், இருபக்கச் சொந்தமும் பார்த்துக்கொண்டிருக்க அறுக்க முடியுமா? அறுத்தால் அப்புறம் அந்த வீட்டில் ஒரு மாடு சினைபிடிக்காவிட்டாலும் காவியாதான் பதில் சொல்ல வேண்டும். "ரொம்ப நல்லதுங்க சம்பந்தி" என்றார் முனிராஜ். மேடையின் ஓரத்தில் குந்தி, மோட்டாரை நிறுத்தி, லென்ஸைத் துடைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். முன்னால் ஒரு நூல். வலப்பக்கம் இரண்டு நூல்.

காவியா அவரைத் தாண்டித்தான் மேடை ஏறினாள். அவர் நிமிரவில்லை.

மணையில் உட்கார்ந்தாயிற்று. காப்புக் கட்டியாயிற்று. "பொண்ணோட அப்பா அம்மா தாரை வாக்க வாங்க" என்றார் ஐயர். எழிலரசி சொம்போடு வந்து நின்றாள். முனிராஜ் "ரெண்டே நிமிசம் சாமி, பின்பாரத்த எடுத்துட்டன், எடப்பக்கந்தான் இழுக்குது" என்றார். ஐயர் மந்திரத்தை மெதுவாக்கினார். மேளக்காரர் ஐயரைப் பார்த்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கூட்டத்தில் ஒருவர், "அப்பா எங்கப்பா?" என்று கேட்க, இன்னொருவர், "அதோ, சினிமா எடுக்கறாரு" என்றார். அருள்குமார் கீழேயிருந்து, "நான் எடுத்துக்கறன், நீங்க ஏறுங்கண்ணா" என்று கெஞ்சினான். முனிராஜின் காதில் எதுவும் ஏறவில்லை. ஒரு நூல் தள்ளிக் கையை எடுத்தார். கேமரா இடப்பக்கம் சரிந்தது.

அப்போது காவியா கூப்பிட்டாள். சத்தமாக இல்லை. மணையில் உட்கார்ந்தபடி கழுத்தைத் திருப்பி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "அப்பா, நான் கைய நீட்டிக்கிட்டே உக்காந்திருக்கன். எல்லாரும் பாக்கறாங்க. எனக்கு அழுகையா வருது."

முனிராஜ் நிமிர்ந்து பார்த்தார். மருதாணிக் கை ஒன்று மேடையில் வெறுமனே நீண்டிருந்தது. இத்தனை வருடமாக எத்தனையோ அப்பாக்கள் இந்தக் கையைப் பிடிப்பதை எடுத்திருக்கிறார். மாலை மறைக்கிறது, தள்ளி நில்லுங்கள் என்று அவர்களை அதட்டியும் இருக்கிறார். கேமராவைக் கீழே வைக்கலாமென்றால், அதற்கான ஸ்டாண்டு அலமாரி அறையில். சரிந்தது சரிந்தபடியே கிம்பலின் மூன்று பூட்டையும் திருகிப் பூட்டி, ஓடிக்கொண்டிருந்த பதிவையும் நிறுத்தாமல், நேரே சென்னப்பன் கையில் திணித்தார். "ஆட்டாமப் பிடிங்க சம்பந்தி. நான் வர்ற வரைக்கும்."

தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரியையே மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியவர் சென்னப்பன். கையில் வந்த பொருளை மட்டும் எங்கே நிறுத்துவது என்று மனுஷனுக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சுவிட்டால் ஆடிவிடும் என்பதுபோல நின்றார். முகூர்த்தம் முழுக்க அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வேர்வையைத் துடைக்கவில்லை. சொந்த மகன் தாலி கட்டும்போது அட்சதை போடக் கை எடுக்கவில்லை. அவருக்கும் சேர்த்து யாரோ வீசிய அரிசி அவர் தலையிலும் கேமரா மேலும் விழுந்தது.

முனிராஜ் மகளின் கையைப் பிடித்தார். எழிலரசி தண்ணீர் வார்த்தாள். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. கேமராவைப் பார்ப்பதா, பார்க்காததுபோல இருப்பதா? காவியா, "இங்க பாருப்பா" என்றாள். பார்த்தார். அழுதுவிட்டார்.

நான்கு நாள் கழித்து ஸ்டுடியோவில் அருள்குமார் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டான். ஸ்டாண்டு கேமராவில் தாரை வார்த்த இடம் முழுக்க ஒரு சித்தப்பாவின் முதுகு. மிச்சமிருந்தது சென்னப்பன் பிடித்ததுதான். கொத்தனார் பாதியில் ஓடிப்போன கட்டடம்போல மண்டபமே வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஐயர் சறுக்கிக்கொண்டிருந்தார். ஆனால் படம் துளியும் ஆடவில்லை. காவியாவும், ஓரத்தில் அவள் கையைப் பிடித்தபடி அவளையே பார்க்கும் முனிராஜும்.

"நேராக்கிடறன்ணா" என்றான் அருள்குமார். "ஒரே தட்டுதான். ஆனா திருப்புனா ஓரம் வெட்டுப்படும். உங்க தல போயிடும். பொண்ணு மாப்ள ஐயரு எல்லாம் இருப்பாங்க, போறது உங்களது மட்டுந்தான்."

முனிராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். படத்தை முதலிலிருந்து ஓடவிடச் சொன்னார். அது ஓட ஆரம்பித்ததும், தலையை வலப்பக்கமாகத் தோள்வரை சாய்த்துக்கொண்டு பார்த்தார்.