மலைக்குப் போகிறாள் என் மகள்

போன வாரம் புதன்கிழமை. அல்லிநகரத்தில் ஒரு தையல் கடைக்குப் போய், மெல்லிய வாயல் துணியை நீட்டி, முழங்கால்வரை மாட்டும் உறை இரண்டு ஜோடி தைத்துத் தரச் சொன்னேன்.

கடை நடத்தும் பேச்சியம்மா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாருக்கு சார், பொம்மைக்கா?"

"என் மகளுக்கு. ஆராய்ச்சிக்கு முதல்முறையா மழைக்காட்டுக்குப் போறா. அட்டைப்பூச்சி கடிக்காம ஷூவுக்குள்ள மாட்டிக்கணுமாம். காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்..."

"காத்து மட்டுமா வரும்? அட்டை குடும்பத்தோட வரும்! பதினெட்டு வருசம் மலைக்குப் போனவ சார் நானு. நல்ல காடாத் துணியா வாங்கியாங்க. இழை நெருக்கமா இருக்கணும்."

மலைக்குப் போனவ... அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் 'மலைக்குப் போவது' சுற்றுலா அல்ல. விடியலில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போவது.

இருபது வருடம் முன்பு, விலங்கியல் படித்த என் மகள் சுகந்தி, காட்டு முகாமுக்குப் போக என் கையெழுத்தைக் கேட்டாள். கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ என்ன மலைக்குப் போறவளா?"

உழைக்கும் பெண்களின் பெயரை வசவாக்கினேன். கையெழுத்துப் போடவில்லை. அவள் பள்ளி ஆசிரியை ஆனாள். நாற்பத்தொரு வயதில், இப்போதுதான் தவளை ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறாள்.

காடாத் துணியை வாங்கி வந்து கொடுத்தபோது, ஏனோ, இதைப் பேச்சியம்மாவிடம் சொல்லிவிட்டேன். தையல் மெஷின் நின்றது.

"எங்களத்தான் வைஞ்சிருக்கீக."

"ஆமாம்மா. தப்புத்தான்."

"மககிட்டச் சொன்னீகளா?"

"இல்லை."

"அப்புறம் எங்கிட்ட எதுக்கு? அங்கன போய்ச் சொல்லுங்க."

சொல்வது அவ்வளவு சுலபமா? அப்பாக்களுக்கு அறிவுரை மடை திறந்தாற்போல் வரும். மன்னிப்புக்கு மட்டும் அந்த மடை திறக்காது. வெள்ளிக்கிழமை உறைகளை வாங்கி வந்தேன் — சொல்லவில்லை. சனிக்கிழமையும் போயிற்று.

ஞாயிறு காலை சுகந்தி பை அடுக்கிக்கொண்டிருந்தாள். மழையில் மை கரையும் என்பதால் பேனாவை எடுத்துவிட்டுப் பென்சில்களை வைத்தாள். மறுநாள் பயணம்.

"சுகந்தி... அன்னைக்கு நான் பேசினது அசிங்கம். உன்னைத் தடுத்ததும் தப்பு."

நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு வார்த்தைகூட மறக்கலப்பா."

உறைகளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை மாட்டிக் காலை நீட்டினாள்.

"நாடாவக் கட்டுங்க. இறுகுதான்னு பாப்போம்."

எழுபத்து நாலு வயது முழங்காலை மடக்கி உட்கார்ந்து கட்டினேன்.

"இன்னும் இறுக்குங்க. அட்டை உங்களுக்கெல்லாம் மரியாதை குடுக்காது!"

நேற்று முகாமிலிருந்து போன். இந்தப் பக்கம் காது கிழிந்தது.

"அப்பா! நகத்தளவு தவளை! இலைக்கடியில உக்காந்து என்னா சத்தம் போடுது தெரியுமா! கூட வந்தவுகளுக்கெல்லாம் காலு பூரா ரத்தம். எனக்கு ஒரு கடி இல்ல! எங்கன தச்சதுன்னு கேக்குறாக!"

பேச்சியம்மாவிடம் ஆறு ஜோடி ஆர்டர் சொல்லியாயிற்று.

முட்டுக்கட்டை போட்டே பழகிய கைக்கு, ஒரு முடிச்சும் போட வந்திருக்கிறது!