கழுத்தில் சூடு இல்லை

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது ஆறு பேர். பெற்றது நான்கு, என் தங்கை விட்டுப்போனது இரண்டு. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கழுத்தில் புறங்கையை வைத்துச் சொல்லிவிடுவேன். வீட்டில் தெர்மாமீட்டர் வாங்கியதே இல்லை. எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் மட்டும் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ஜெனி எழுதுகிறாள்.

1. வாசல்

தூத்துக்குடியில் ஒரு இறால் கம்பெனியில் முப்பது வருஷம் இறால் உரித்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை வாசலில் கை பார்க்கிற வேலை. ஷெட்டுக்குள் போகிற பெண்கள் கிளவுஸ் போடுமுன் என்னிடம் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். புண் இருந்தால் இறாலைத் தொடக்கூடாது, பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்கலாம். காய்ச்சல் இருந்தால் வீட்டுக்கு. நெற்றிக்கு நேராகக் காட்டுகிற மிஷின் ஒன்று தந்தார்கள். சூப்பர்வைசர் ஒரு வாரம் என் கையையும் மிஷினையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு மிஷினை மேசைக்குள் போட்டுவிட்டார்.

2. ரோஸ்

ரோசுக்கு அறுபத்தெட்டு. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். உரிப்பதில் அவளை இன்னும் ஒருத்தியும் முந்தவில்லை. அன்று காலை அவள் வலது சுட்டுவிரல் லேசாக வீங்கி, தோல் மினுமினுவென்று இருந்தது. முந்தாநாள் இறால் தலைமுள் குத்தியதாம். ஆஸ்பத்திரியில் காட்டு என்றேன்.

"எத்தன முள்ளு குத்தியிருக்கு. இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? கழுத்தப் பாருளா."

பார்த்தேன். குளிர்ந்திருந்தது. உள்ளே விஷம் இருந்தால் உடம்பு கொதிக்காதா என்று நினைத்தேன்.

"சூடு இல்ல. போயி பெட்டி மடி," என்றேன்.

மத்தியானம் பேக்கிங் பக்கம் ஒரே சிரிப்பு. ரோஸ் மடித்த பெட்டிகளில் அச்சு எல்லாம் உள்பக்கம் இருந்தது. இந்த வயதில் யாரை நினைத்து மடிக்கிறாய் என்று பெண்கள் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ரோஸ் சிரிக்கவில்லை, திருப்பி ஏசவும் இல்லை. டீ ஐந்து நிமிஷம் பிந்தினால் சண்டைக்கு வருகிறவள். அவள் முன்னால் டீ ஆடை கட்டிக் கிடந்தது. பக்கத்தில் போனேன். என்னைப் பார்த்து, "வாசல் எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

மறுபடி கழுத்தைத் தொட்டேன். வியர்த்திருந்தது, சூடு இல்லை. சூப்பர்வைசர் மிஷினைத் தேடி எடுத்து வந்து காட்டினார். அதிலும் காய்ச்சல் இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்கட்டும் என்றார். என் கையும் அதையேதான் சொன்னது. ஆனால் வாசல் தெரியாத ரோசை நான் கண்டதே இல்லை. ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

3. ஆஸ்பத்திரி

டாக்டர் சின்னப் பெண். விரலைப் பார்த்தவுடன் ரோசை உள்ளே கொண்டுபோகச் சொன்னாள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். காய்ச்சலே இல்லையே என்றேன்.

"வயசானா உடம்போட எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்துருதும்மா. கிருமி வந்தாலும் சூடு ஏறாமப் போகலாம். ஆளு தடுமாறும், சாப்பாடு இறங்காது. அதுதான் இவங்களுக்குக் காய்ச்சல்."

முன்பு பார்த்த கிருமி என்றால் உடம்புக்கு ஓரளவு அடையாளம் தெரியுமாம். புதிதாக வருவதைத் தெரிந்துகொள்ளத்தான் வயதானவர்களுக்கு நாளாகுமாம். நான் எழுத்துக் கூட்டுகிற மாதிரி என்றேன். அவள் சிரித்தாள். கொஞ்சம் முந்தியே வந்திருக்கலாம் என்றும் சொன்னாள். காலையில் நான்தான் வேலைக்கு உள்ளே போகச் சொன்னேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

விரலைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். மூன்றாம் நாள்தான் ரோசுக்கு என்னைத் தெரிந்தது. அவளிடமும் சொன்னேன்.

"எனக்கு மட்டுமாளா வயசாச்சு? ஒன் கைக்குந்தான்," என்றாள்.

4. இப்போது

ரோஸ் வேலைக்கு வருகிறாள். அந்த விரல் மடங்காது. மற்ற விரல்களால் உரித்தே இளம் பெண்களைத் தோற்கடிக்கிறாள். நான் இன்னும் வாசலில்தான் இருக்கிறேன், என் கையையும் நம்புகிறேன். ஆனால் அறுபது தாண்டியவர்களிடம் அது பாதிதான் சொல்லும். அதனால் காலையில் என்ன சாப்பிட்டாய், நேற்று எந்த மேசையில் நின்றாய் என்று பேச்சுக் கொடுக்கிறேன். பதில் தடுமாறினால், சோறு பிடிக்கவில்லை என்றால், சிறு புண் வீங்கியிருந்தால், கழுத்து குளிர்ந்திருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. புதிதாக வாசலில் நிற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதித் தரும்படி சூப்பர்வைசர் கேட்டார்.

ஏளா ஜெனி, எழுதுனத மொதல்ல இருந்து படி. ரோச உள்ள போவச் சொன்னது நான்தான்னு போட்டிருக்கியா, இல்ல ஆச்சிக்காக விட்டுட்டியா? அந்த எடம் வந்தா சத்தமாப் படி.