வெள்ளைக் கையுறை போட்ட ரவுடி

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் வைட்ஹேவன் பக்கம் ஆர்வில் பிக்கெட்டை அறியாத கறுப்பர் குடும்பம் கிடையாது. இறந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைத்து அடக்கம் செய்து தருவது அவர் தொழில். அவருடைய ஒரே மகன் லமான்ட். பசி என்றால் என்னவென்று பிறரிடம் கேட்டுத்தான் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். பிணத்தை ஒருமுறை எட்டிப் பார்த்து மயங்கி விழுந்தவன். அதற்குப் பிறகு பிண அறைப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை.

ஆனால் நல்ல உயரம். கூடைப்பந்தில் கை ராசியும் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், பள்ளியின் கடைசி வருடத்திலேயே ஒரு கல்லூரி அவனைச் செலவில்லாமல் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. அந்தக் காலத்தில்தான் சுட்டதையும் திருடியதையும் பெருமையாகப் பாடும் கேங்ஸ்டா ராப் அவன் தலைக்குள் குடிபுகுந்தது. கால்சட்டை இடுப்பிலிருந்து இறங்கியது. நெற்றியில் கைக்குட்டை ஏறியது. நேராக நடந்துகொண்டிருந்தவன் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். 'கல்லறை' என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டான். ஒரு மாதத்துக்குள் அணியில் பாதிப் பேர் கால் இழுத்து நடந்தார்கள். பயிற்சியாளர் பார்த்தார், பந்து வளையத்தில் விழுந்துகொண்டிருக்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் உடை மாற்றும் அறையில் லமான்ட் தான் கட்டிய பாட்டைச் சொல்லிக் காட்டினான். அதில் ஒரே தெருவில் நாலு பேரைச் சாய்த்திருந்தான்.

"எந்தத் தெருவுலடா?" ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே குவின் கேட்டான். நகரத்தின் பொல்லாத பகுதியிலிருந்து வருபவன் அவன். நெற்றியில் கைக்குட்டை கட்டாதவனும் அவன்தான்.

"எந்தத் தெருவா இருந்தா உனக்கென்ன?"

"எங்க அண்ணனச் சுட்ட தெரு எனக்குத் தெரியும், அதான் கேட்டேன். உங்கப்பாதான் அவன் மூஞ்சில இருந்த ஓட்டைய மெழுகு வச்சு அடைச்சாரு. நீ வாசல்ல நின்னு வந்தவங்களுக்கு விசிறி குடுத்துக்கிட்டு இருந்த."

ராட்னி குறுக்கே விழுந்தான். பேருந்து ஓட்டுநரின் மகன். லமான்ட் எச்சில் துப்பினாலும் அதில் அர்த்தம் தேடுகிறவன். "பொறாமைடா உனக்கு. கல்லறை சொல்றது அத்தனையும் நெசம்."

லமான்ட் அவன் தோளில் கைபோட்டான். "இடுப்புல ஒண்ணு இல்லாதவன் ஆம்பளையே இல்லடா ராட்னி" என்றான். சொன்னவன் மறந்துவிட்டான். கேட்டவன் போய் ஒரு துப்பாக்கி வாங்கிவிட்டான்.

அந்த இளவேனிலில் யாரோ ஒரு மதுக்கடையைக் கொள்ளையடித்தார்கள். கடைக்காரருக்குத் தொடையில் குண்டு பாய்ந்தது. லமான்ட் செய்தித்தாளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அது தன் வேலைதான் என்று ஒரு பாட்டுக் கட்டினான். கடைக்காரரின் பச்சைச் சட்டையைக்கூட விடவில்லை. ஒலிநாடா பள்ளி வாசலில் அமோகமாகப் போனது. போலீஸும் ஒன்று வாங்கியது.

காவலில் இருந்த மகனைப் பார்க்க ஆர்வில் வந்தார். லமான்ட் குழந்தைபோல் அழுதுகொண்டிருந்தான்.

"நீ பாடினது நெசம்னா நீ திருடன். பொய்னா முட்டாள். எதுன்னு ஜட்ஜம்மாகிட்ட நீயே சொல்லு" என்றார்.

விசாரணையன்று பின்வரிசை நிறைய அணிப் பையன்கள், கைக்குட்டைகளோடு. அரசுத் தரப்பு பாட்டைப் போட்டுக் காட்டியது. ஜட்ஜம்மா முகவாயில் கைவைத்துக் கேட்டார். பிறகு லமான்டின் வக்கீல் அம்மாள் எழுந்தார்.

"கொள்ளை நடந்த சாயந்தரம் எங்க இருந்தீங்க?"

"ஒரு அடக்கத்துல."

"யாருடைய அடக்கம்?"

"எங்க சர்ச்சுல பியானோ வாசிச்ச பாட்டியம்மா."

"அங்க என்ன பண்ணீங்க?"

லமான்ட் பின்வரிசையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு... வந்தவங்களுக்குக் குடை பிடிச்சேன். மழை பெஞ்சுது."

"துப்பாக்கி பிடிச்சிருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"ஒரு தடவகூட?"

"தண்ணித் துப்பாக்கி."

ஜட்ஜம்மாவே சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கத்தில் எடுத்த புகைப்படமும் வந்தது: கோட்டும் கையுறையும் குடையுமாக, மாப்பிள்ளைத் தோழன் போல லமான்ட். வழக்கு அத்தோடு முடிந்தது. பின்வரிசையில் ஒவ்வொருவனாகக் கைக்குட்டையை அவிழ்த்துச் சட்டைப்பையில் திணித்தான்.

ராட்னி அங்கே இல்லை, காவலில் இருந்தான். முந்தின வாரம் பெட்ரோல் பங்க்கில் எவனோ முறைத்தான் என்று இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறான். அது தண்ணித் துப்பாக்கி இல்லை.

நீதிமன்றப் படியில் குவின் லமான்டை நிறுத்தினான். "ராட்னி கேஸு வியாழக்கெழம. நீ சொல்லித்தான் வாங்கினேன்னு அவன் வாயத் தொறக்கல. நீயா வந்து சொல்றியா?"

"வர்றேன்டா. கண்டிப்பா வர்றேன்."

வியாழக்கிழமை அவன் அட்லாண்டாவில் இருந்தான். வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு பாட்டுக் கம்பெனிக்காரர் கார் அனுப்பி அழைத்திருந்தார். "குடை, பாட்டியெல்லாம் வேணாம் தம்பி. ஜட்ஜு உன்னப் பாத்து நடுங்கினாங்கன்னு பாடு. பணக்காரத் தெருப் பசங்க அள்ளிக்கிட்டுப் போவானுங்க" என்றார். லமான்ட் பாடினான். பசங்களும் அள்ளினார்கள், ஒரு கோடைக்காலம் முழுக்க. பாட்டைக் கேட்ட கல்லூரி கதவைச் சாத்திக்கொண்டது. அடுத்த கோடையில் பசங்களுக்கு வேறொரு ரவுடி கிடைத்துவிட்டான்.

ராட்னி நான்கு வருடம் உள்ளே இருந்தான். வெளியே வந்தவனுக்காக எந்த அணியும் காத்திருக்கவில்லை. குவின்தான், வீடுகளுக்குக் கூரை போடும் தன் வேலையில் சேர்த்துக்கொண்டான்.

லமான்ட் இப்போது அட்லாண்டாவுக்கு வெளியே ஒரு கடையில் மெத்தை விற்கிறான். தலை நரைத்துவிட்டது. வாடிக்கையாளர் கொஞ்சம் இளையவராகத் தெரிந்தால் குரலைத் தாழ்த்தி, "நானும் ஒரு காலத்துல ஆடாத ஆட்டமில்ல தம்பி, ஜெயிலெல்லாம் பாத்தவன்" என்கிறான். அவர்களும் மெத்தையை அமுக்கிப் பார்த்தபடியே தலையாட்டுகிறார்கள்.