போதகர் ஏன் வயதானவர்கள் வீட்டுக்கு மட்டும் வந்தார்?

போன ஞாயிறுக்கு முந்திய ஞாயிறு எங்கள் அரியாலைச் சபையில் போதகர் ஐயாவுக்குப் பிரியாவிடை. தேவாலயம் முழுக்க அழுகை. நான் மட்டும் அழவில்லை. அழ எங்கே நேரம்? அவரைக் கண்காணிக்கவே எனக்கு இரண்டு கண்ணும் போதவில்லை!

சந்தேகம்... அதுதான் விஷயம்.

என் பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். அதே பேத்திக்குக் கலியாணமும் செய்து வைத்தார். அவ்வளவு காலம் இங்கே இருந்தவர். இப்போது ஓய்வு பெற்றுக் கொழும்பில் மகள் வீட்டுக்குப் போகிறார். நான் சொல்லச் சொல்ல இதைப் போனில் தட்டுகிறவளும் அந்தப் பேத்திதான். எனக்கு எழுத்து வராது, வாய் வரும். "அம்மம்மா, மெதுவாய்ச் சொல்லுங்கோ" என்கிறாள். வாய்க்கு பிரேக் பிடிக்கிற வயதா எனக்கு?

எங்கே விட்டேன்? ஆம், சந்தேகம்.

பிரியாவிடைக்குச் சில நாள் முன்னம், புதிதாக வந்திருக்கிற இளம் போதகரையும் கூட்டிக்கொண்டு ஐயா என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் ஜெபம் பண்ணினோமா, தேத்தண்ணி குடித்தோமா என்று போகவேண்டியதுதானே? இல்லை.

"அம்மா, ஒரு பாட்டுப் படியுங்கோ."

"என்னத்துக்கு ஐயா இப்ப பாட்டு?"

"சும்மாதான். தம்பியும் கேக்கட்டும்."

படித்தேன். எனக்குப் பாட்டுப் புத்தகம் வேண்டாம். எல்லாம் தொண்டைக்குள் இருக்கிறது. ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு இளையவரிடம், "இந்த வீட்டை நல்லாய் ஞாபகம் வைச்சிரும் தம்பி" என்றார். ஞாபகம் வைக்க இந்த வீட்டில் என்ன இருக்கிறது? வாசல் படலை ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் அடுத்த வீட்டு கிரேஸ் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"அக்கா, உங்களிட்டையும் வந்தவரோ?"

"ஓம். பாடச் சொன்னவர்."

"என்னையும்தான்! அங்காலை சாமுவேல் அண்ணையிட்டையும் போனவராம். அந்த மனிசன் மூச்சு வாங்க வாங்கப் பாடினவராம்."

கிரேஸ் எழுபதைத் தாண்டியவள். சாமுவேல் அண்ணை பொல்லோடு நடக்கிறவர். என் வயதை விடுங்கள். மோட்டார் சைக்கிளில் கோயிலுக்கு வருகிற இளம் குடும்பங்களின் வீட்டுக்கு ஐயா இப்படிப் போகவே இல்லை. நாங்கள் விசாரித்துவிட்டோம்! சேமக்காலைக்கு, அதுதான் கல்லறைத் தோட்டத்துக்கு, கிட்டப் போய்விட்டவர்களாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்.

"ஒப்படைக்கிறார் அக்கா," என்றாள் கிரேஸ். "மிஷன் வீட்டுக் கதிரை, அலுமாரியளைப் புதுசாய் வந்தவரிட்டைக் குடுக்கிற மாதிரி எங்களையும் குடுத்திட்டுப் போறார்."

எனக்குச் சுருக்கென்றது. என்னைத் தானே அடக்கம் செய்வதாக ஐயா வாக்குத் தந்திருந்தார். என் வீட்டுக்காரரை அடக்கம் செய்த அன்று நானே கேட்டு வாங்கிய வாக்கு. சிரிக்காதீர்கள். செத்த பிறகு நம்மைப் பற்றி யார் பேசுகிறார் என்பது சின்ன விஷயமா? சாவகச்சேரியில் என் சித்தியின் மகள் செத்த வீட்டில், வந்து கொஞ்ச நாளேயான ஒரு போதகர், 'அமைதியே உருவான இந்தத் தாயார்' என்றாரே! அவள் வாய் திறந்தால் சந்தை கலையும். சனம் லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எனக்கு அந்தக் கதி வரலாமா? என்னைப் பற்றித் தெரிந்த ஒருவர் பேசவேண்டும் — பொய் சொன்னாலும் அளவாகச் சொல்வார்.

பிரியாவிடையன்று பொன்னாடை, மாலை, பேச்சு... 'இவரின்ரை பிரசங்கம் முடிய வீட்டிலை சோறு ஆறிப்போகுது' என்று வருடக்கணக்காக முறைப்பட்ட சபைச் செயலாளர்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும்விடப் பெரிதாக அழுதார். பிரியாவிடைகளில் நான் கண்டது இதுதான்: சத்தமாக அழுகிறவரைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும்.

சாப்பாட்டு நேரம் ஐயா கையில் ஒரு ரோல்ஸுடன் யன்னலடியில் தனியாக நின்றார். பிடித்துவிட்டேன்.

"ஐயா, நேராய்க் கேக்கிறன். எங்களை உந்தப் பொடியனிட்டை ஒப்படைச்சுப் போட்டியளோ?"

"ஓம் அம்மா."

ஒளிக்கவே இல்லை மனிதர்!

"அப்ப எனக்குத் தந்த வாக்கு?"

"அதுக்குத்தானே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தனான். விட்டுப்போன போதகர், புதுப் போதகர் கூப்பிடாமல் வந்து ஒண்டும் நடத்தக்கூடாது. அது எங்கடை ஒழுங்கு. நான் வாக்குக் குடுத்த வீடுகள் எல்லாத்தையும் அவருக்குக் காட்டிப்போட்டன். கூப்பிடுவார்."

"கூப்பிடாட்டி?"

"கூப்பிடுவார் அம்மா."

"அப்ப பாட்டு என்னத்துக்கு? என்ரை செத்த வீட்டிலை நானே எழும்பிப் பாடவோ?"

ஐயா யன்னலால் வெளியே பார்த்தார். சேமக்காலை அந்தப் பக்கம்தான். அவருடைய மனைவி அங்கேதான் இருக்கிறார்.

"பாட்டு உங்களுக்கில்லை அம்மா. எனக்கு."

கையிலிருந்த தட்டை யன்னல் விளிம்பில் வைத்தேன்.

"கொழும்பிலை மகளின்ரை பிளாட்டிலை ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. நான் போனால் இஞ்சை, இவவுக்குப் பக்கத்திலைதான் கொண்டுவருவினம். மகளுக்குச் சொல்லிப்போட்டன். ஆனால் ஆர் பாடுறது? இளசுகள் கிட்டார் அடிக்குங்கள். எனக்கு உந்தப் பழைய பாட்டுத்தான் வேணும். ஆருக்கு இன்னும் குரல் இருக்கெண்டு பாக்கத்தான் வந்தனான்."

பரீட்சை வைத்திருக்கிறார்! எனக்கு முதலில் வாயில் வந்த கேள்வி வேறு.

"கிரேஸ் எப்பிடிப் பாடினவள்?"

"சுருதி கொஞ்சம் விலகுது."

"எனக்குத் தெரியும்!"

பிறகுதான் கணக்குப் புரிந்தது. நான் முதலில் போனால் அவருக்குப் பாட ஆளில்லை. அவர் முதலில் போனால் என்னைப் பற்றிப் பேச ஆளில்லை.

"ஐயா, எனக்கு உங்களைவிட வயசு கூட. நான்தானே முந்துவன்?"

"அதுதான் அம்மா என்ரை பயம். நேரத்துக்குச் சாப்பிடுங்கோ."

ஐயாவின் வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை. நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"முந்தமாட்டன் எண்டு சொல்லேலாது ஐயா. முந்தாமல் பாக்கிறன்."

நேற்று கொழும்பிலிருந்து போன் எடுத்தார். "அம்மா, இருமல் எப்பிடி?"

"எனக்கென்ன குறை? கல்லு மாதிரி இருக்கிறன். உங்கடை பிரஷர் எப்பிடி?"

"ஒரு பிரச்சினையும் இல்லை. நல்லாய் இருக்கு."

இரண்டு பேரும் பச்சைப் பொய் சொல்கிறோம் என்றே நினைக்கிறேன்.